ரோடு போட்ட பிறகுதான் காதலா, தோழர்?

கொல்லிமலை பைல் நாட்டில் ஒரு ஞாயிறு மாலை, பால்புதுமையினர் வாழ்க்கை பற்றிய நான்கு குறும்படங்களைத் திரையிடப் போகிறோம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் எதிர்ப்பு ஊர்க்காரர்களிடமிருந்து வரவில்லை, நம் தோழர்களிடமிருந்து வந்தது. "மலையில பிள்ளைங்களுக்குச் சாதிச் சான்று வாங்கறதே போராட்டம், பாதி ஊருக்கு ரோடு சரியில்ல. இப்ப இது தேவையா?" என்றார் ஒருவர். "இயக்கத்துப் பேரைக் கெடுக்காதீங்க" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "இது சிட்டி ஆளுங்க பிரச்சினைங்க தோழர்" என்று முடித்துக்கொண்டார்.

மூவரும் எனக்கு வேண்டியவர்கள். அதனால்தான் பொதுவில் பதில் எழுதுகிறேன்.

முதலில் ரோடு. 2015 ஜூன் 23 அன்று, இதே நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர், பொறியியல் படித்தவர். வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்ததுதான் குற்றம். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கிற சாமியைக் கும்பிடும் ஊரில் ஒரு ஆணும் பெண்ணும் உட்கார்ந்து பேச முடியவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கும்வரை நாம் தெருவில் நின்றோம். அப்போது நம்மில் யாராவது "முதல்ல ரோடு வரட்டும், காதலைப் பிறகு பார்ப்போம்" என்று சொன்னோமா?

சொல்லவில்லை. ஏனென்றால் அது வெறும் காதல் விவகாரம் இல்லை என்று நமக்குத் தெரியும். அண்ணல் அம்பேத்கர் 1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையிலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டார். சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதுதான் சாதியின் உயிர். அந்த உயிரைக் காப்பாற்ற யார் யாரை எப்போது கட்டிக்கொள்ள வேண்டும், யார் வயிற்றில் யார் பிள்ளை வளர வேண்டும் என்பதையெல்லாம் சாதி தீர்மானிக்கிறது. வேற்றுச் சாதியில் கட்டிக்கொள்பவர் அதன் வேலியைத் தாண்டுகிறார். கல்யாணச் சந்தைக்கே வர மறுக்கிற பெண், "நான் உங்க மகன் இல்ல, மகள்" என்று சொல்கிற பிள்ளை, இன்னொரு ஆணை நேசிக்கிற ஆண் ஆகியோரும் அதே வேலியில்தான் முட்டுகிறார்கள்.

ஆதாரம் வேண்டுமா? மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் நேசித்தார்கள். வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு ஓடினார்கள். பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் தேடி வந்தது. இருவரும் உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். இந்தக் கதையில் ஒரு பெண்ணை எடுத்துவிட்டு ஒரு தலித் பையனை வையுங்கள். நாம் எத்தனை முறை ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்த கதை! நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு, மனநல ஆலோசகரிடம் பாடம் கேட்டுவிட்டு 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். காவல்துறைத் துன்புறுத்தலுக்கும், 'மாற்றிவிடுகிறேன்' என்று சொல்லும் மருத்துவத்துக்கும் எதிரான ஆணை அது. ஒரு நீதிபதியே தெரியாததைப் படித்துத் தெரிந்துகொண்டார். இருபது வருடமாக அம்பேத்கரைப் படிக்கிற நமக்கு என்ன தடை?

2025 மே மாதம் வந்த வழக்கில், பெற்றோர் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை அதே உயர் நீதிமன்றம் அவர் விருப்பப்படி அனுப்பியது. தன்னை அடித்ததையும், 'சரியாக்க' சடங்கு செய்ததையும் அந்தப் பெண் சொன்னார். காவல்துறை அவரைப் பெற்றோரிடமே ஒப்படைத்திருந்தது. வீட்டுச் சிறை, அடி, போலீஸ் துணை எல்லாம் நமக்குப் பழகிய வரிசைதான்.

அடுத்து, 'சிட்டி ஆளுங்க பிரச்சினை'. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். சென்னையில் வானவில் பேரணி 2009இலும், 'ரீல் டிசையர்ஸ்' திரைப்பட விழா 2013இலும் தொடங்கின. அவற்றை நடத்தியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் குளிரூட்டிய அரங்குக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிற எங்கள் ஊருக்கும் நடுவில் மொழியும் வர்க்கமும் சாதியும் குறுக்கே நிற்கின்றன. அந்தத் தூரத்தைக் காட்டி "அது அவங்களுடையது" என்று ஒதுங்கினால், நம்மவர்களை நாமே கைவிடுகிறோம். லிவிங் ஸ்மைல் வித்யா யார்? கிரேஸ் பானு யார்? தலித் திருநங்கைகள். திருநர்களை 2015இல் அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தபோது, பாலினம் சாதி ஆகாது, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் கிடைமட்ட இட ஒதுக்கீடு கொடு என்று கிரேஸ் பானு போன்றவர்கள் போராடினார்கள். பாலின அடையாளத்தைச் சாதியாக நடத்துவது தவறு என்று 2024இல் உயர் நீதிமன்றமும் சொன்னது. இட ஒதுக்கீட்டின் அரிச்சுவடியை அரசுக்குக் கற்றுக்கொடுத்தவர்களைத்தான் 'சிட்டி ஆளுங்க' என்கிறோம்.

'பேர் கெடும்' என்ற பயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோசி தலித் பெண். 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் திரைமீது கல்லெறிந்தார்கள், அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். அவர் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடிவந்து பெயர் தெரியாமல் வாழ்ந்து மறைந்தார். திரையில் யார் தெரியலாம், யார் தெரியக் கூடாது என்று முடிவுசெய்வது ஆதிக்கத்தின் பழைய வேலை. அந்த வேலையை நாம் ஏன் கையில் எடுக்க வேண்டும்?

திரையிடல் நடந்தது. கூடம் கிடைக்கவில்லை, ஒரு வீட்டு வாசலில் வேட்டியைக் கட்டிப் போட்டோம். முதல் படத்தில் பையன்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். முடிந்ததும் மிளகு பறிக்கப் போகிற ஒரு அக்கா கேட்டார்: "வீட்டை விட்டுத் தொரத்திட்டா இவங்களுக்கு வேல யாரு குடுக்கறா? எங்க தங்கறாங்க?" கலாச்சாரம் கெட்டுப்போகுமா என்று கேட்கவில்லை. கூலியையும் கூரையையும் கேட்டார். நம் குழுவில் மூன்று நாள் நடந்த விவாதத்தில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. என்னிடமும் முழுப் பதில் இல்லை.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்கிறோம். அந்தக் கோரிக்கை மனுவை அடுத்த முறை எழுதும்போது, 'சாதி மறுப்புத் தம்பதியர்' என்பதோடு நிறுத்தாதீர்கள். தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கிற யாராக இருந்தாலும் என்று எழுதுங்கள். உங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு மாலை இந்தப் படங்களைப் போடுங்கள், தமிழில் பேசுங்கள். கூட்டத்தின் கடைசி வரிசையில், எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை உங்கள் இயக்கத்தில் இருக்கலாமா வேண்டாமா என்று அன்றுதான் முடிவுசெய்யும்.

ரோட்டுக்கான மனுவை அடுத்த வாரம் கொடுக்கிறோம், தோழர்களே. அதற்கும் வாருங்கள்.

ஜெய்பீம்.