காலிஃபிளவர் கோழி இல்லை

தைப்பூச விரத நாட்களில் செலாயாங் பக்கம் சைவச் சாப்பாட்டுக் கடைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு டிரே மட்டும் செக்கச்செவேலென்று இருக்கும். நிறத்தூள் கலந்த மாவில் முக்கிப் பொரித்த காலிஃபிளவர். பக்கத்திலேயே சோயாவில் செய்த ‘சைவ ஆடு’ பெரட்டல், ‘சைவக் கோழி’ சம்பால். பத்துமலை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் இது. 48 நாள் கறி மீன் தொடாமல் இருப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த நாட்களில் நம் தட்டைப் பார்த்தால், விட்டதையே வேறு உருவத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிகிறது. இந்தத் தேடலில் அதிகம் அடிபடுவது காலிஃபிளவர்தான்.

பூக்கோசு என்று அதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறோம். சமைக்கும்போது மட்டும் கோழி வேஷம் போட்டுவிடுகிறோம். ‘65’ கோழிக்காகப் பிறந்தது. சென்னை புகாரி ஓட்டல் அதைத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்கிறது. மஞ்சூரியனும் கோழிக்காகப் பிறந்ததுதான். கல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் 1975இல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் அதை முதலில் செய்ததாகச் சொல்வார்கள். கோபி மஞ்சூரியன் பின்னால் வந்த சைவ நகல். அந்த நகலின் சிவப்பு எங்கே போய் முடிந்தது தெரியுமா? 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்ப்பதைத் தடை செய்தது. சோதித்த 171 மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை. வெள்ளைக் காயை வெள்ளையாகச் சாப்பிட நமக்கு என்ன வெட்கம்?

கடைக்காரரை மட்டும் திட்டி முடித்துக்கொள்ள முடியாது. வீட்டில் நாம் முதலில் அந்தக் காயைக் கொன்றுவிடுகிறோம். புழு இருக்கும் என்ற பயம். மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு, குழைந்த பிறகு வடிக்கிறோம். கோசு வகைக் காய்களில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. வேக வேக அந்த வாடை கூடத்தான் செய்யும். 100 கிராம் காலிஃபிளவரில் சுமார் 48 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. அது தண்ணீரில் கரையக்கூடியது. வடித்த தண்ணீரோடு ஒரு பங்கு சாக்கடைக்குப் போகிறது. மிஞ்சுவது ஈரப் பஞ்சு. “என்னாம்மா இது, சப்புன்னு இருக்கு” என்று பிள்ளைகள் தள்ளி வைப்பார்கள். உடனே மாவு, உடனே சாயம், உடனே எண்ணெய். வேகவைத்துக் கெடுத்ததைப் பொரித்து மறைக்கிறோம்.

புழுவுக்குப் பயந்தால், பூக்களைப் பிரித்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள். துணியால் ஈரத்தை ஒற்றுங்கள். குவாலி நன்றாகச் சூடானதும் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, வெட்டிய பக்கம் அடியில் படும்படி அடுக்குங்கள். கிண்டாதீர்கள். இந்தக் காயில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அது வற்றி ஓரம் பழுப்பானால்தான் உள்ளே இருக்கும் இனிப்பு வெளியே வரும். உப்பைக் கடைசியில் போடுங்கள்; முதலில் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். மேலே இடித்த மிளகு, சீரகம், கறிவேப்பிலை. அவ்வளவுதான்.

குழம்பாக வேண்டுமா? சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, மஞ்சளோடு இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, முதல் பால் ஊற்றி, கொதிக்கும் முன் இறக்கினால் சொதி. முட்டை சாப்பிடும் நாளில் துருவி வதக்கி முட்டையோடு கிளறலாம். விரதம் முடிந்த பிறகு நெத்திலிச் சம்பாலில் பெரட்டலாம். நெத்திலி நெத்திலியாக இருக்கும், காய் காயாக இருக்கும்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. செலாயாங் மொத்தச் சந்தை என்று நாம் சொல்லும் கோலாலம்பூர் மொத்தச் சந்தையிலிருந்து நம் அடுப்புக்கு வருவதற்குள், காலிஃபிளவரின் இலையில் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறார்கள். மிச்ச இலையையும் தண்டையும் நாம் குப்பையில் போடுகிறோம், நிறுத்துக் காசு கொடுத்து வாங்கிவிட்டு. இலையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டு வதக்கினால் பொரியல். தண்டைத் தோல் சீவிப் பருப்பில் போட்டால் நூக்கல் மாதிரி இருக்கும். 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த சனம் நாம். மரவள்ளிக் கொழுந்தைக்கூட விடாமல் ஆக்கித் தின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த இலை குப்பையா?

“வேலை முடிஞ்சி வந்து இதெல்லாம் யாரு செய்றது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இப்போது யார் செய்கிறார்கள்? வேகவைத்து, வடித்து, மாவு கரைத்து, மூன்று தடவையாகப் பொரித்தெடுப்பது பெரும்பாலும் அம்மாதான். எல்லாரும் சுடச்சுடத் தின்றபின் அடியில் ஆறிக்கிடக்கும் நாலு துண்டு அவருக்கு. குவாலியில் வாட்டுவதற்குக் கால் மணி நேரம் போதும். ஹாஸ்டல் பையன்கூடச் செய்துவிடலாம்.

இலக்கிய இதழில் சமையல் எதற்கு என்றும் ஒரு குரல் வரும். நம் கதைகளில் சாப்பாடு என்றாலே பாட்டி வைத்த மீன் குழம்புதான். இறந்துபோன பாட்டியை நினைத்து உருகுவது சுலபம். இன்று ராத்திரி அடுப்பு முன்னால் யார் நிற்கிறார், எதை, ஏன் சமைக்கிறார் என்று எழுதினால் வீட்டில் சண்டை வரும். வரட்டும்.

அடுத்த விரதத்துக்கு ஒரு காரியம் செய்யுங்கள். பார்த்தவுடன் காலிஃபிளவர் என்று தெரிகிற மாதிரி, வெள்ளையாக, ஓரம் லேசாகக் கருகி, இலையில் வையுங்கள். சமைப்பது நீங்களாக இருந்தால் இன்னும் நல்லது. “கோழி மாதிரியே இருக்கு” என்று யாராவது பாராட்டினால், சமையல் சொதப்பிவிட்டது என்று அர்த்தம்.