பூட்டிய அலமாரியும் கூலிக்காரர் பிள்ளையும்

மங்களூர் வட்டாரத்து விவசாயக் கூலியின் மகளும் விருத்தாசலம் பீங்கான் தொழிலாளியின் மகனும் இன்று கல்லூரிப் படியேறிவிட்டார்கள். பாடப் புஸ்தகமோ நூல் நிலையத்தில் ஒரே பிரதி. கேட்பதோ வகுப்பு முழுவதும். விலைக்கு வாங்கினால் அப்பனின் பல நாள் கூலி போய்விடும்.

2012-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பிரசுர முதலாளிகள், டில்லி சர்வகலாசாலை மீதும் அதன் வளாகத்திலிருந்த சின்னஞ்சிறு போட்டோகாப்பிக் கடை மீதும் வழக்குத் தொடுத்தார்கள். குற்றம் என்ன? பாடத்துக்கு வேண்டிய பக்கங்களைப் பிரதியெடுத்துக் கொடுத்ததாம்! புஸ்தகம் எழுதும் அமர்த்தியா சென்னே இது கூடாதென்றார். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு போதனைக்காகப் பிரதியெடுப்பதை அனுமதிக்கிறதென்று 2016-ல் டில்லி ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. அப்பீலிலும் இந்தத் தத்துவம் நிலைத்தது. 2017-ல் முதலாளிகள் வழக்கை வாபஸ் வாங்கினார்கள்.

காகிதப் பிரதிக்கு வழி பிறந்தது. செல்போனில் படிக்கும் பிரதிக்கு? லாபநோக்கற்ற பொது நூல் நிலையம் தன்னிடமுள்ள புஸ்தகத்தைப் பாதுகாப்புக்காக ஸ்கேன் செய்து வைக்கலாம் என்கிறது 2012 திருத்தம். இரவல் தரலாமென்று சொல்லவில்லை. பூட்டி வைக்கலாம், படிக்கக் கொடுக்க வழியில்லை என்றால் இது என்ன நியாயம்? அமெரிக்காவில் அப்படி இரவல் தந்த இன்டர்நெட் ஆர்க்கைவ் 2024-ல் அப்பீலிலும் தோற்றது.

எழுதியவருக்கு உரிய கூலி சேரட்டும், அவரும் உழைப்பாளிதான். ஆனால் நூல் நிலையம் காசு கொடுத்து வாங்கிய புஸ்தகத்தை, ஒரு பிரதிக்கு ஒரு மாணவர் வீதம், ஸ்கேன் பிரதியாக இரவல் தரச் சட்டத்தில் ஷரத்து சேர்க்கவேண்டுமென்று கோருகிறோம். அதுவரை, கோர்ட் ஒப்புக்கொண்ட பாத்தியதையின்படி பாடப் பக்கங்களையாவது கல்லூரிகள் தயங்காமல் பிரதியெடுத்துக் கொடுக்கட்டும்.