தோள் இறுகினால் முதலில் வேண்டியது ஸ்கான் அல்ல



"டொக்டர், கை தூக்கேலாமல் கிடக்கு. எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதித் தாங்கோ."

லண்டனில் எங்களிடம் வரும் எம்மவர்களில் நாற்பது வயதைத் தாண்டிய பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கொழும்பில் காசு கட்டினால் உடனே எடுக்கிற ஸ்கானுக்கு இங்கே ஏன் இவ்வளவு இழுத்தடிப்பு என்ற ஆதங்கமும் அதில் உண்டு. அது எங்களுக்கு விளங்காததல்ல. ஆனாலும் 'புரோசின் ஷோல்டர்' எனப்படும் தோள்மூட்டு இறுக்கத்தை, நோயாளி சொல்வதைக் கவனமாகக் கேட்டும் தோளை அசைத்துப் பார்த்துமே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். நாம் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பரிசோதனையைத்தான் என்பது எங்கள் கருத்து.

தோள்மூட்டைச் சுற்றிப் பை போன்ற மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அது அழற்சியடைந்து, தடித்து, சுருங்குவதே இந்த வருத்தம். 1934இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் கொட்மன் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வரும்; பெண்களுக்குச் சற்று அதிகம். முதல் சில மாதங்கள் கடும் நோவு இருக்கும். இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. பிறகு நோவு தணியும், இறுக்கம் மிஞ்சும். அதன்பின் மெல்ல மெல்ல இளகும். எல்லாம் முடிய ஒன்று முதல் மூன்று வருடம் வரை செல்லலாம். சிலருக்கு ஓரளவு இறுக்கம் நிலைத்தும் விடுகிறது.

இதைக் கண்டறியும் முறை எளியது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, செங்கோணமாக மடித்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொல்வோம். பின்னர் நாங்களே பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்து, மற்றக் கையோடு ஒப்பிடுவோம். நோயாளி திருப்பினாலும் வைத்தியர் திருப்பினாலும் ஒரே இடத்தில் தடைப்பட்டு நின்றால், மூட்டு உறை இறுகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். தோளின் தசைநார் கிழிந்தவர்களுக்கு இப்படி இருப்பதில்லை. அவர்களால் தாமாகக் கையைத் தூக்க முடியாது. ஆனால் வைத்தியர் தூக்கிவிட்டால் கை போகும்.

அப்படியானால் எக்ஸ்றே எதற்கு? இதே விதமான தடை மூட்டுத் தேய்விலும் வரும். வலிப்பு வந்தவர்களுக்கும் மின்சாரம் தாக்கியவர்களுக்கும் தோள் பின்பக்கமாக விலகி நின்றாலும் வரும். இவற்றை விலக்கவே எக்ஸ்றே எடுக்கிறோம். தோள் இறுகியும் எக்ஸ்றே சுத்தமாகவும் இருந்தால் அது எங்கள் சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது. "எக்ஸ்றேயில் ஒன்றுமில்லையாம், ஆனால் நோவு போகுதில்லை" என்று மனம் உடைவோர், அந்த 'ஒன்றுமில்லை' என்பதும் ஒரு விடைதான் என்பதை அறிய வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கானில் ஒரு சிக்கல் உண்டு. வயது ஐம்பது அறுபதைத் தாண்டினால், நோவே இல்லாத தோளிலும் தசைநார்க் கிழிசல்கள் தெரிவது சாதாரணம். இறுக்கத்துக்காக எடுத்த ஸ்கானில் அப்படி ஒன்று தெரிந்துவிட்டால், கவனம் முழுவதும் அதன் பக்கம் திரும்பி, உண்மையான வருத்தம் பின்னுக்குப் போய்விடும். விழுந்து அடிபட்டபின் கை தூக்க முடியாதவர்களுக்கும் வேறு நோய் சந்தேகிக்கப்படுபவர்களுக்கும் ஸ்கான் தேவைதான்.

எல்லாத் தோள் நோவையும் இதுவென்று எண்ணிவிடவும் கூடாது. நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், வியர்வையோடு தோளிலோ கையிலோ நோவு வந்தால் உடனே 999. காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினாலும், உடல் மெலிந்தாலும், கட்டி தென்பட்டாலும், முன்னர் புற்றுநோய் வந்திருந்தாலும் தாமதிக்க வேண்டாம். ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு தோளும் காலையில் ஒன்றாக இறுகினால் இரத்தப் பரிசோதனை தேவை. விறைப்பு முழங்கை தாண்டி விரல்வரை ஓடினால் கழுத்தையும் பார்க்க வேண்டும்.

எம்மவர்களுக்கு இன்னொரு விடயம் மிக முக்கியம். இந்த வருத்தம் பொதுவாக நூற்றில் 2 முதல் 5 பேருக்கு வருகிறது. நீரிழிவு உள்ளவர்களில் நூற்றில் பத்துக்கும் மேற்பட்டோருக்கு வருகிறது. தெற்காசியரான எமக்கோ நீரிழிவு வரும் சாத்தியமே இந்நாட்டு வெள்ளையரைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். எனவே தோள் இறுகிய எம்மவர் ஒருவருக்கு, கடந்த சில மாதங்களின் சீனி அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. இரத்தப் பரிசோதனை செய்யாமல் அனுப்புவது அரைகுறை வேலை என்றே நாங்கள் கருதுகிறோம். அதில் 48 அல்லது அதற்கு மேல் வந்தால் நீரிழிவு என்று கொள்வார்கள்; வேறு அறிகுறி இல்லாவிட்டால் மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள். 42 முதல் 47 வரை எச்சரிக்கைக் கோடு. சீனி வருத்தம் உள்ளவர்கள் தோளில் ஸ்டீரோயிட் ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சீனி ஏறும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

வைத்தியர்கள் பக்கமும் குறை இருக்கிறது. தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசி, நோக் குளிசை எழுதிவிட்டால் தோள் இறுகியிருப்பது எப்படித் தெரியும்? "நேரில் பார்க்க வேண்டும், கையை அசைத்துப் பார்க்க வேண்டும்" என்று நீங்கள் கேட்பது மரியாதைக் குறைவல்ல. பெண்கள் தோளைக் காட்டக் கூச்சப்பட்டால் பெண் வைத்தியரைக் கேட்கலாம். துணைக்கு ஒருவரையும் கேட்கலாம்.

அடுத்தது மொழி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மறித்து மொழிபெயர்க்கக் கூட்டிவரும் வழக்கத்தை நாம் விடவேண்டும். "அம்மாவுக்குக் கை நோகுதாம்" என்பதற்கு மேல் பிள்ளை என்ன சொல்லும்? உள்சட்டை கொக்கி பூட்ட முடியவில்லை, பின்பக்கம் கழுவ முடியவில்லை என்பதைத் தாய் பிள்ளையின் வாயால் சொல்லுவாரா? தடுப்புக் காவலில் கைகளைக் கட்டித் தொங்கவிடப்பட்டவர்களும் எம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களது தோள் நோவில் நரம்புப் பாதிப்பும் இருக்கலாம். அது வேறு பரிசோதனை, வேறு சிகிச்சை. அந்தக் கதையைப் பிள்ளை மூலம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகப் பெறலாம். நேரம் பதியும்போதே கேளுங்கள்.

போகுமுன் சிலவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, அடிபட்டதா, இரவில் நித்திரை கெடுகிறதா, எந்த அசைவு முடியவில்லை, சீனி அல்லது தைரொயிட் வருத்தம் உண்டா, என்ன வேலை செய்கிறீர்கள்.

நாங்களும் அகதிகளாக இங்கு வந்தவர்கள்தான். வைத்தியரைக் கரைச்சல்படுத்தக் கூடாது, தந்ததை வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்ற பழக்கம் எங்களுக்கும் தெரியும். துப்புரவு வேலையிலும் சமையலறையிலும் தோளை நம்பிப் பிழைக்கும் எம்மவருக்கு அது கட்டுப்படியாகாது. நோவு மிகுந்திருக்கும் முதல் மாதங்களில் கண்டுபிடித்தால் ஊசியும் பயிற்சியும் கூடிய பலன் தரும். தோளோடு சேர்ந்து, தெரியாமல் இருந்த சீனி வருத்தமும் பிடிபட்டால், அது கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றும்.