கம்பளம் விரித்தவர் யார்?

கோலா தெர்லாவுக்கு உல்லாசமாய் வந்துபோகும் நம் எழுத்தாளர்கள், “இயற்கை அன்னை பச்சைக் கம்பளம் விரித்தாள்” என்றே எழுதித் தள்ளுகிறார்கள். பச்சைப் பொய்!

தேயிலை இயல்பில் மரம். விட்டுவிட்டால் முப்பதடிக்கும் ஓங்கும். அதை இடுப்பளவில் நிறுத்தியிருப்பவை கவாத்துக் கத்தியும் கொழுந்தெடுக்கும் கைகளுமே. இம்மேட்டுநிலத்தில் 1929-ல் போ தோட்டம் தோன்றுமுன் அதன் சரிவுகளில் நின்றது காடு. காட்டை வெட்டிக் கம்பளம் நெய்தவர் தொழிலாளர். புகழ் மட்டும் அன்னைக்கா?

“அழகைப் பாடுமிடத்தில் கூலிக்கணக்கு எதற்கு?” என்பர். ஆங்கிலப் பள்ளியில் வோர்ட்ஸ்வொர்த்தை யானும் சுவைத்தவனே, அழகை மறுக்கவில்லை. ஆனால் தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுங்கால் மரத்தோடும் புள்ளோடும் தொழிலையும் சேர்த்தே எண்ணினார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கினார். அவற்றைப் பறித்துக் குவித்தவர்கள் தினைப்புனம் காத்த பெண்கள். ஆகவே அம்மலை உயிரோடிருக்கிறது.

சிறந்த இயற்கையெழுத்துக்கு உரைகல் இதுவே: அந்நிலம் எவ்வாறு அந்நிலமாயிற்றென்று அது காட்டுகிறதா?

தோட்டத்துக் கிராணியாகிய யான் நாள்தோறும் செக்ரோலில் பெயர் எழுதுகிறேன். அதிலுள்ள மனிதர் உங்கள் வருணனையில் இல்லையெனில், இரண்டில் எது மெய்யான மலையிலக்கியம்? நீங்களே கூறுங்கள்!