ஆயுள் கைதி வெளியே வரலாமா?



கொலை செய்தவனை ஏன் வெளியே விடுகிறார்கள் என்று போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் காரசாரமாகப் பேசினீர்கள். "ஆயுள் தண்டனைன்னா பதினாலு வருஷம்தானே டீச்சர்" என்று ஒருவன் கேட்டான். இல்லையப்பா. ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும்தான். கோபால் கோட்சே வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. கொலை போல, மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 ஆண்டுக்கு முன் அரசு விடக்கூடாது என்று 1978-இல் ஒரு வரம்பு போட்டார்கள். அதற்குப் பிறகு கேட்கலாம், அவ்வளவுதான். பரோல் வேறு. வீட்டில் சாவு, கல்யாணம் என்றால் சில நாள் வந்துவிட்டுத் திரும்ப உள்ளே போவது.

கேட்கும் வழி இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பேரறிவாளன் 1991 ஜூனில் கைதானபோது வயது 19. சிறையிலிருந்தே பிளஸ் டூ எழுதி 1200-க்கு 1096 வாங்கினார். (மின்விசிறிக்கு அடியில் படித்தவர்கள் உங்கள் மதிப்பெண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்!) அவருடைய வாக்குமூலத்தில் ஒரு பகுதியை எழுதாமல் விட்டதாக, பதிவு செய்த சிபிஐ அதிகாரியே 2013-இல் சொன்னார். தமிழக அமைச்சரவை 2018-இல் பரிந்துரை செய்தும் இழுத்தடித்து, 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம்தான் விடுவித்தது. அற்புதம்மாள் அலைந்த அலைச்சலைப் பார்த்த யாருக்கும் அந்த வழியை மூடிவிடு என்று சொல்ல வாய் வராது.

ஆனால் யார், எப்படித் திறக்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம். பில்கிஸ் பானு வழக்கில் 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு விட்டது. மாலை போட்டு, இனிப்புக் கொடுத்து வரவேற்றார்கள். அந்த அரசுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997-இல் வெட்டிய வழக்கில் 13 பேர் 2019-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பேரில் வெளியே வந்தார்கள். தலைவர் பிறந்ததற்கும் கைதி திருந்தியதற்கும் என்ன சம்பந்தம்?

பாகூர் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஐந்தாம் வகுப்பில் இரண்டு பையன்கள். வரப்புத் தகராறில் ஒருவனின் அப்பா இன்னொருவனின் அப்பாவை வெட்டிவிட்டார். இருவருக்குமே அப்பா இல்லாமல் போனது. காலாப்பட்டு ஜெயிலுக்குப் போனவரின் மகன் அடுத்த வருஷமே படிப்பை விட்டுவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போனான். பல வருஷம் கழித்து, செத்தவரின் மனைவி ரேஷன் கடைக்குப் போகும்போது டீக்கடை பெஞ்சில் அந்த மனுஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அரிசிப் பையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறார். பிறகு என்னிடம் சொன்னார்: "வுட்டது தப்புன்னுகூட நான் சொல்லல டீச்சர். ஒரு வார்த்த எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

இதற்குச் சட்டப் புத்தகம் எல்லாம் வேண்டாம். விடுவதற்கு ஒரு மாதம் முன்பு, தமிழில், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒரு கடிதம். அவர்கள் சொல்வதையும் எழுதி வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் விடக்கூடாது என்று நான் சொல்லவில்லை; ஆத்திரத்திடம் சாவியைக் கொடுக்க முடியாது. ஏன் விட்டார்கள் என்ற காரணத்தையும் எழுத வேண்டும், விழாவைக் காரணமாகக் காட்டாமல்.

வக்கீலாக இருக்கும் பிள்ளைகள் மூன்று பேர் இதைப் படிப்பீர்கள். புதுச்சேரியில் இப்போது குடும்பத்துக்குச் சொல்கிறார்களா, இல்லையா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். யாரும் யாரையும் மரியாதை இல்லாமல் பேசக்கூடாது, அழித்துவிடுவேன்.