சீனமும் காலிக் கல்வெட்டும்



சீன மொழிப் படிப்பைப் பற்றிய உங்கள் கட்டுரை, வேலைவாய்ப்புக் கணக்கோடு நின்றுவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சீனம் படித்தவன் என்ற முறையில் சில வரிகள்.

எங்களை முதலில் மிரட்டியது எழுத்து அல்ல, தொனிதான். ‘மா’ என்பதையே நான்கு விதமாக ஒலிக்கலாம்: அம்மா, சணல், குதிரை, திட்டு. தொனி பிசகினால் அம்மா குதிரையாகிவிடுவார். (எங்கள் வகுப்பில் ஆகியும் இருக்கிறார்.) தமிழின் 247 எழுத்துகளை அதிகம் என்று சொன்ன வாய் அங்கே அடைத்துப்போனது.

1937-இல் சாந்திநிகேதனில் தாகூரும் சீன அறிஞர் தான் யுன்-ஷானும் சீன பவனத்தைத் தொடங்கியபோது, மொழிபெயர்ப்பாளர் வேலையை மட்டும் மனதில் வைக்கவில்லை. சமஸ்கிருத மூலம் தொலைந்த பல பௌத்த நூல்கள் சீன மொழிபெயர்ப்பில்தான் பிழைத்திருக்கின்றன. தமிழ்-சீனத் தொடர்புக்கு நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு. 1911-இல் இலங்கையின் காலியில் கிடைத்த சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கல்வெட்டு 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்தையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகிறது. தமிழையும் சீனத்தையும் சேர்த்து வாசிக்க நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்களுக்குச் செவ்வியல் சீனத்தை இரண்டு பருவமாவது விருப்பப் பாடமாக நம் பல்கலைக்கழகங்கள் வைக்கட்டும். பேச்சுச் சீனம் மட்டும் கற்றவருக்கு அந்தக் கல் பாதி ஊமைதான்.

ஒரு வாசகர்,
மதுரை.