உயிர்ப்பும் உயிர்ப்பின்மையும்: வடிகட்டிகள் பற்றியதொரு மறுப்பு

இலத்திரனியலில் தாழ்மீடிறன் வடிகட்டிகள் உயிர்ப்பு வடிகட்டி, உயிர்ப்பில் வடிகட்டி என இருவகைப்படும். இவற்றுள் முன்னது நவீனமானது, பின்னது காலங்கடந்தது என்னும் முடிவு ஆராயப்படாமலே ஏற்கப்பட்டு வருகின்றது. மாணவரிடையே கைமாறும் குறிப்புகளில் இரண்டும் ஓர் அட்டவணையின் இரு நிரல்களில் நிறுத்தப்பட்டு, நன்மைகள் யாவும் ஒருபுறமும் குறைகள் யாவும் மறுபுறமும் அடுக்கப்படுகின்றன. இம்முடிவு பௌதிகத்திலிருந்து பிறந்ததன்று, சொல்லிலிருந்து பிறந்தது.

உயிர்ப்பில்லாதது எனின் செயலற்றது, செயலற்றதெனின் பயனற்றது என மனம் தானே தாவிச் செல்கின்றது. தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இத்தாவலின் பிழை எளிதிற் புலப்படும். செயப்பாட்டுவினையில் வினை இல்லாமற் போவதில்லை. அவ்வாறே உயிர்ப்பில் வடிகட்டி என்பதும், சைகைக்குப் புறத்தேயிருந்து வலுவூட்டும் மூலம் எதனையும் தன்னகத்தே கொண்டிராதது என்ற அளவிலேயே பொருள்படும். 1.6 கிலோ ஓம் தடையி ஒன்றையும் 0.1 மைக்கிரோ பரட்டுக் கொள்ளளவி ஒன்றையும் இணைத்தால், ஏறத்தாழ 1000 ஹேர்ட்ஸை எல்லையாகக் கொண்ட தாழ்மீடிறன் வடிகட்டி கிடைக்கும். மீடிறன் ஏற ஏறக் கொள்ளளவியின் தடங்கல் குறைய, உயர்மீடிறன் கூறுகள் அதனூடாகப் புவிக்குச் சென்றொழிகின்றன. தாழ்ந்தவை பயப்பை அடைகின்றன. இதனைச் செயலின்மை என்பது எங்ஙனம் பொருந்தும்?

உயிர்ப்பு வடிகட்டியின் மெய்யான சிறப்பை மறைத்தலும் நேர்மையாகாது. மேற்கூறிய வடிகட்டியின் பயப்பில் இன்னொரு 1.6 கிலோ ஓம் தடை சுமையாக இணைக்கப்படின், கடந்துவரும் சைகை பாதியாகின்றது. எல்லை மீடிறனோ 2000 ஹேர்ட்ஸுக்கு நகர்ந்துவிடுகின்றது. அத்தகைய இரு பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால், வலு அரைவாசியாகும் மீடிறன் ஏறத்தாழ 370 ஹேர்ட்ஸுக்கு வீழ்கின்றது. வெட்டும் கூர்மையற்றுச் சரிந்து செல்கின்றது. இடையே ஒரு செயற்பாட்டு விரியலாக்கியை வைத்துப் பிரித்தாலும் அது 640 அளவிலேயே நிற்கும். பின்னூட்டலைப் பயன்படுத்தி, அதே வகைத் தடையிகளையும் கொள்ளளவிகளையுமே கொண்டு 1000 ஹேர்ட்ஸில் செம்மையாக வெட்டும் வழியை 1955இல் சாலன், கீ ஆகிய இருவரும் வெளியிட்டனர். 1968இல் 741 என்னும் செயற்பாட்டு விரியலாக்கி வெளிவந்தபின் அவ்வழி எவர்க்கும் எட்டுவதாயிற்று. பத்து ஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த எல்லைக்கு, 600 ஓம் சுற்றொன்றில், பத்து ஹென்றி அளவிலான கனத்த தூண்டற்சுருள் தேவைப்படும். அதனைத் தவிர்த்தது சிறிய உதவியன்று.

ஆயின் அட்டவணையின் சூழ்ச்சி இங்குதான் உள்ளது. உயிர்ப்பு வடிகட்டியின் சிறந்த வடிவம், உயிர்ப்பில் வடிகட்டியின் மிக எளிய வடிவமாகிய தடையி-கொள்ளளவி இணைப்புடன் ஒப்பிடப்படுகின்றது. தூண்டற்சுருளும் கொள்ளளவியும் மாறிமாறி அமைந்த ஏணிச்சுற்று, பருமனானது என்ற ஒரு சொல்லோடு ஒதுக்கப்படுகின்றது. 1915ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் காம்பெல்லும் ஜேர்மனியில் வாக்னரும் ஒருவரையொருவர் சாராது கண்ட வடிகட்டி இவ்வினத்தது. ஒரே கம்பியிற் பல தொலைபேசி உரையாடல்கள் ஒன்றோடொன்று கலவாமற் செல்ல அது வழிவகுத்தது. செயற்பாட்டு விரியலாக்கி அன்று பிறந்திருக்கவுமில்லை.

அதனினும் குறிப்பிடத்தக்கது 1966இல் ஓச்சாட் எடுத்துக்காட்டிய உண்மையாகும். இரு முனைகளிலும் தக்க தடைகளுடன் முடிவுறும் ஏணிச்சுற்றில், உறுப்புகளின் பெறுமானம் சிறிது பிசகினும் கடத்தற்பட்டையில் வடிகட்டியின் இயல்பு பெரிதும் பிசகுவதில்லை. எனவே தூண்டற்சுருள் இல்லாத வடிகட்டியை ஆக்க விழைவோரும், ஏணிச்சுற்றையே மாதிரியாகக் கொண்டு அதன் சுருளை மட்டும் விரியலாக்கிகளாற் போலச்செய்தல் நன்று என்றாயிற்று. காலங்கடந்தது எனப்பட்டது ஆசிரியனாகவும், நவீனமானது மாணவனாகவும் அமைந்த நிலை இது.

உயர்மீடிறனிலோ நிலைமை தலைகீழாகின்றது. 741இன் நயம் மீடிறனோடு குறைந்து, ஒரு மெகாஹேர்ட்ஸ் அளவில் ஒன்றாகிவிடும். அதன் பின்னர் அது தன் பயப்பை ஆள வலுவற்றதாகின்றது. சாலன்-கீ அமைப்பிலே, மறிக்கப்பட வேண்டிய சைகை பின்னூட்டற் கொள்ளளவி வழியே நேரே பயப்புக்குத் தப்பிச் செல்கின்றது. மீடிறன் கூடக் கூட மேலும் மறிக்க வேண்டிய வடிகட்டி மேலும் விடுகின்றது! உயிர்ப்பில் உறுப்புகளும் இங்குக் குறையற்றவை அல்ல. கொள்ளளவியின் இணைகம்பிக்கும் சிறு தூண்டல் உண்டு. எனினும் வானொலி மீடிறன்களில் சிறு சுருளும் சிறு கொள்ளளவியும் எளிதாகச் செய்வதை 741 செய்யமாட்டாது. ஒலிபெருக்கிப் பெட்டியினுள் 8 ஓம் ஒலிபெருக்கியோடு தொடரிலுள்ள 1.3 மில்லிஹென்றிச் சுருள், பல உவாற்று வலுவைத் தாங்கிக்கொண்டு, 1000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டதைக் குறைக்கின்றது. அவ்விடத்தில் அந்நுண்சுற்றை வைப்போர் எவருமிலர்.

இறுதியாக, உயிர்ப்பு வடிகட்டிக்கு உயிர் எங்கிருந்து வருகின்றது என்ற வினா எஞ்சுகின்றது. இலங்கையின் மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டமாகும். அதனை முழுவலைச் சீராக்கலுக்கு உட்படுத்தினால் 100 ஹேர்ட்ஸ் குற்றலை எஞ்சும். அக்குற்றலையை அடக்கி, விரியலாக்கிக்கு வேண்டிய சீரான வோல்ற்றளவை வழங்குவதற்கு வலுவழங்கியினுள் முதற்கண் வைக்கப்படுவது பெரியதொரு கொள்ளளவி. அதாவது, அட்டவணையின் மறுநிரலில் ஒதுக்கப்பட்ட அதே உயிர்ப்பில் தாழ்மீடிறன் வடிகட்டி.